பொங்கலன்று பிறந்தநாள்: ஸ்ட்ராபெரி கேக் சாயங்காலம் வரை தாங்குமா?

திருவான்மியூர் தாரா | ஜனவரி 8, இரவு 10.40

என் மகள் 2019 ஜனவரி 15 அன்று பிறந்தவள். அன்று பொங்கல். "பானை பொங்குகிற நேரத்தில் வந்த மகாலட்சுமி" என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகாலட்சுமிக்குத்தான் இதுவரை ஒழுங்கான ஒரு கேக் கிடைத்ததில்லை. பொங்கல் 14ஆம் தேதி வருகிற வருஷங்களில் (2021, 2022, 2025) அவள் பிறந்தநாள் மாட்டுப் பொங்கலில் விழுகிறது, ஊருக்குப் போயிருப்போம். மற்ற வருஷங்களில் "அதான் சர்க்கரைப் பொங்கல் இருக்கே" என்று அதன் மேலேயே மெழுகுவத்தி. மெழுகு உருகி முந்திரியில் ஒட்டிய போட்டோகூட இருக்கிறது.

இந்த வருஷம் மறுபடி பொங்கலன்றே வருகிறது. ஏழு வயசு முடிகிறது, வாய் வந்துவிட்டது. வெள்ளை கேக், மேலே சிவப்பாக பெர்ரி குவித்து வைத்தது, அதுதான் வேண்டுமாம். படம் வரைந்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறாள்.

என் நிலைமை: 19 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார அவன்). பண்டிகை நாளில் முட்டை கிடையாது (மாமியார், பேச்சுக்கே இடமில்லை). மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினெட்டுப் பேர்.

போன வருஷம் ஒரு தடவை முயன்றேன். கடையில் கிடைத்த ஃப்ரெஷ் க்ரீமை இருபது நிமிஷம் பீட்டரில் அடித்தேன். மோர் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர கெட்டியாகவில்லை. அதையே எப்படியோ பூசி, ஸ்ட்ராபெரியை ராத்திரியே நறுக்கி அடுக்கி வைத்தேன். காலையில் திறந்தால் கேக்கைச் சுற்றி இளஞ்சிவப்புத் தண்ணீர். "அம்மா, கேக்குக்கு அடிபட்டுடுச்சா?" என்றாள்.

எங்கே தப்பு செய்தேன் என்று சொல்லுங்கள்.

---

கரண்டிச்சாமி | ஜனவரி 8, இரவு 11.05

முதல் தப்பு, அதைப் பெர்ரி என்று நம்பியது. தாவரவியல்படி ஸ்ட்ராபெரி பெர்ரியே இல்லை. மேலே விதை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் உண்மையான கனி. சிவப்பாக இருப்பது பூவின் காம்பு நுனி உப்பியது. அசல் பெர்ரி வேண்டுமானால் வாழைப்பழம், தக்காளி, கத்தரிக்காய். கத்தரிக்காய் வைத்த கேக் என்றால் தண்ணீர் விடாது, மாமியாருக்கும் பிடிக்கும்.

---

மாவுக்கை | ஜனவரி 9, காலை 6.15

கரண்டிச்சாமியை விடுங்கள் தாரா. நான் கொளத்தூரில் வீட்டிலேயே ஆர்டர் எடுத்து கேக் செய்கிறவள். உங்களுக்கு நடந்தது இரண்டு தனித்தனி விபத்து, ஒரே நாளில் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது.

முதலாவது, க்ரீம். டெட்ரா பாக்கில் வரும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். பனீர் பட்டர் மசாலாவுக்கு அது போதும். அடித்தால் நிற்க வேண்டும் என்றால் குறைந்தது 30, நன்றாக நிற்க 35. காற்றுக் குமிழியைக் கொழுப்புதான் பிடித்துக்கொள்கிறது; பிடிக்க ஆள் இல்லாவிட்டால் இருபது நிமிஷம் அல்ல, இரண்டு மணி நேரம் அடித்தாலும் மோர்தான்.

பால் க்ரீமா, நான்-டெய்ரியா என்பது அடுத்த கேள்வி. எனக்குச் சுவையில் பால் க்ரீம்தான் பிடிக்கும். ஆனால் ஜனவரியிலும் நம் ஊரில் பகலில் 29, 30 டிகிரி இருக்கிறது. மொட்டை மாடி, பதினெட்டுப் பேர், அதில் ஒருவர் வரும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள், அப்புறம் போட்டோ. பால் க்ரீம் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. உறைநிலையில் விற்கிற நான்-டெய்ரி விப்பிங் க்ரீம் வாங்குங்கள். பாம் கர்னல் எண்ணெயில் செய்தது, சர்க்கரை சேர்த்தே வரும், நீங்கள் மேலே போட வேண்டாம். முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள். வெளியே வைத்து இளக்காதீர்கள். அடிக்கும்போது பாத்திரமும் பீட்டர் கம்பியும் சில்லென்று இருக்க வேண்டும். 400 மில்லி எடுத்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்காக உப்பும், உங்கள் கேக்குக்குப் போதும். கம்பியைத் தூக்கினால் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும், அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் சொரசொரப்பாகிவிடும்.

இரண்டாவது விபத்து பழம். அதைப் பற்றி மதியம் எழுதுகிறேன், அடுப்பில் பால்.

---

பழக்கூடை | ஜனவரி 9, காலை 9.30

பழத்துக்கு நான் வருகிறேன். கோயம்பேட்டில் பதினோரு வருஷம் பழக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவன்.

இப்போது சென்னைக்கு வருகிற ஸ்ட்ராபெரி பெரும்பாலும் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பழத்துக்கு 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஊட்டி, கொடைக்கானல் பழமும் வரும். சின்னதாக, கொஞ்சம் புளிப்பாக இருக்கும். எனக்கு அந்தப் புளிப்புதான் பிடிக்கும். இனிப்பு க்ரீமுக்கு அதுவே ஜோடி.

முக்கியமான விஷயம்: மாம்பழத்தை வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கிற மாதிரி இதைச் செய்ய முடியாது. பறித்த பிறகு ஸ்ட்ராபெரி பழுக்காது. காம்புப் பக்கம் வெள்ளையாக இருந்தால் நிறம் வேண்டுமானால் கொஞ்சம் ஏறலாம், அழுகுமே தவிர இனிக்காது. 200 கிராம் பெட்டியைக் கையில் எடுத்ததும் தலைகீழாகத் தூக்கி அடியைப் பாருங்கள். மேல் வரிசை எப்போதும் மாப்பிள்ளை அழைப்புதான். கீழே நசுங்கியதும் பூசணம் பிடித்ததும் இருக்கும். பெட்டியைத் திறக்காமலே மணம் மூக்குக்கு வர வேண்டும்.

12ஆம் தேதிக்கு மேல் கோயம்பேடு பக்கம் தலை வைக்காதீர்கள். பொங்கல் சிறப்புச் சந்தையில் கரும்பு லாரியும் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கட்டுமாக நடக்க வழி இருக்காது. இரண்டு பெட்டி ஸ்ட்ராபெரிக்காகப் போனால் திரும்பி வரும்போது ஜூஸ்தான் இருக்கும். உங்கள் பக்கத்துப் பழமுதிர் கடையில் 13ஆம் தேதிக்கு மூன்று பெட்டி சொல்லி வையுங்கள். போகியன்று காலை எடுத்தால் இன்னும் நல்லது.

---

பெரம்பூர் ஆன்ட்டி | ஜனவரி 9, காலை 11.10

தாரா கண்ணு, நான் ஒன்று கேட்கலாமா? தை மாசம் குழந்தையின் நட்சத்திரம் வருகிற நாளில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, அன்று சாயங்காலம் கேக் வெட்டினால் ஆகாதா? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நட்சத்திரப் பிறந்தநாள்தான். பொங்கலன்று ஒரு வீட்டுப் பெண் பானை வைக்க வேண்டும், ஏழு காய்க் குழம்பு வைக்க வேண்டும், வடை தட்ட வேண்டும். அதோடு கேக்கும் என்றால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?

---

திருவான்மியூர் தாரா | ஜனவரி 9, மதியம் 1.20

ஆன்ட்டி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது சரி. ஏழு வயசுக் குழந்தையிடம் "உன் பிறந்தநாள் இன்றைக்கு இல்லை, உன் நட்சத்திரத்தன்று" என்று நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஸ்கூல்ல எதுக்கு 15ன்னு எழுதியிருக்கு?" என்று கேட்டாள். பதில் இல்லை.

இடுப்பு விஷயம் உண்மை. அதனால்தான் முன்னாடியே கேட்கிறேன்.

---

மாவுக்கை | ஜனவரி 9, மதியம் 2.45

சரி, பழம்.

ஸ்ட்ராபெரியில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். தோல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நறுக்கிய முகத்தில் சர்க்கரை பட்டால், மாங்காயில் உப்புப் போட்டதும் தண்ணீர் விடுகிறதே, அதே கதைதான். க்ரீமில் இருக்கிற சர்க்கரை ராத்திரி முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்:

வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். பெட்டிக்குள் ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வைக்கப்போகிற நாளில், காம்போடு கழுவுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாக உள்ளே தண்ணீர் போகும். பருத்தித் துண்டில் பரப்பி, ஃபேன் அடியில் அரை மணி நேரம். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒற்றுங்கள். சோம்பல் வரும், பரவாயில்லை.

மேலே வைப்பதை முழுசாக வையுங்கள், அகல முகம் கீழே, கூர் நுனி மேலே. நடுவில் அழகுக்கு நாலைந்து மட்டும் இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகம் வானத்தைப் பார்க்கிற மாதிரி. க்ரீமில் வெட்டு முகம் படவே கூடாது.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நம் ஊர்க் காற்றில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எதுவும் வியர்க்கும். தண்ணீர் பாட்டிலைப் பார்க்கிறோமே. பழமும் வியர்க்கும், க்ரீமும் வியர்க்கும். அதற்குக் கடல்பாசிதான் (அகர் அகர்) மருந்து. ஒரு கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் கடல்பாசித் தூள், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரண்டு நிமிஷம் நன்றாகக் கொதிக்க வேண்டும், சும்மா சூடானால் கரையாது. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பழத்தின் மேல் மட்டும் ப்ரஷ்ஷால் தடவுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளவென்று உறையும். ஜெலட்டின் வேண்டாம்: அது சைவமும் இல்லை, நம் வெயிலில் இளகியும் போகும். கடல்பாசி ஒரு தடவை உறைந்தால் மறுபடி இளக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். மொட்டை மாடி அவ்வளவு சூடாகாது.

---

வேப்பேரி65 | ஜனவரி 9, இரவு 8.00

அறுபது கிறிஸ்துமஸ் பார்த்தவன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. நான் சின்னப் பையனாக இருந்தபோது கேக் மேல் ஸ்ட்ராபெரியைப் பார்த்ததே இல்லை. செர்ரிதான். கேக் உச்சியில் ஒன்று, அதற்கு நானும் தங்கையும் சண்டை. பெரியவனான பிறகுதான் தெரிந்தது, நாங்கள் அடித்துக்கொண்டது பெரும்பாலும் செர்ரிக்கே இல்லை, களாக்காய்க்கு. கொட்டை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றினால் அதுதான் பேக்கரி செர்ரி. டூட்டி ஃப்ரூட்டியும் பப்பாளிக்காய்தான். ஊறுகாய் போடுகிற களாக்காய் வேஷம் கட்டி வந்து இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறது. இதில் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைதான்.

தாராவுக்கு யோசனை: பழம் சொதப்பினால் ஒரு பொட்டலம் களாக்காய் செர்ரி கைவசம் இருக்கட்டும். அது அணுகுண்டு போட்டாலும் தண்ணீர் விடாது.

---

போகிப்பானை | ஜனவரி 10, காலை 7.50

நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள், நாலு தலைமுறையாக விருகம்பாக்கம். பெர்ரி என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போகியன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைகளை உட்கார வைத்து, இலந்தைப்பழம், கரும்புத் துண்டு, பூ இதழ், சில்லறைக் காசு எல்லாம் கலந்து தலையில் கொட்டுவோம். போகிப் பள்ளு என்போம். திருஷ்டி கழியும் என்று நம்பிக்கை. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் காசுக்கு முந்துவார்கள், நான் இலந்தைப்பழத்துக்கு.

தாரா, கேக்கில் பெர்ரி வேண்டும் என்று கேட்கிற குழந்தைக்கு முந்தின நாள் தலையிலும் பெர்ரி கொட்டிவிடுங்கள். ஏழு வயசு கொஞ்சம் அதிகம்தான், யார் கேட்கப்போகிறார்கள்.

---

கரண்டிச்சாமி | ஜனவரி 10, காலை 8.10

ஸ்ட்ராபெரியை அரைத்து மாவிலேயே கலந்தால் கேக்கே சிவப்பாக வருமே? மேலே அடுக்குகிற வேலை மிச்சம். இது கிண்டல் இல்லை, நிஜமான கேள்வி.

---

மாவுக்கை | ஜனவரி 10, காலை 9.00

நிஜமான கேள்விக்கு நிஜமான பதில்: சாம்பல் நிறமாக வரும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஒரு நிறம், சோடா போட்டால் ஒரு நிறம் ஆகிறதில்லையா, ஸ்ட்ராபெரியில் இருக்கிறதும் அந்த ஜாதிச் சாயம்தான். சமையல் சோடா பட்டால் சிவப்பு போய்விடும். முட்டை இல்லாத கேக்கில் சோடா இல்லாமல் முடியாது. நான் ஒரு தடவை செய்து, சிமெண்ட் கேக் என்று பேர் வாங்கியிருக்கிறேன்.

தாரா, முட்டை இல்லாத ஸ்பாஞ்ச் இதோ. ஒரு ஏழு அங்குல டின்னுக்கு: மைதா ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப், புளிப்பு ஏறின கெட்டித் தயிர் ஒரு கப், மணமில்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். தயிரில் சர்க்கரையைக் கரைத்து, பவுடரும் சோடாவும் போட்டு ஐந்து நிமிஷம் விட்டால் நுரைத்து மேலே வரும். எண்ணெய், வெனிலா, கடைசியில் சலித்த மைதாவை மூன்று தடவையாக. இட்லி மாவு கலக்குகிற மாதிரி கையைச் சுழற்றாதீர்கள், மாவு இறுகிவிடும். வெள்ளைப் பொடி கண்ணில் படவில்லை என்றால் நிறுத்துங்கள். 180 டிகிரி, முப்பதிலிருந்து முப்பத்தைந்து நிமிஷம், பல் குச்சி சுத்தமாக வர வேண்டும். வெண்ணெய் ஏன் இல்லை என்றால், ஃப்ரிட்ஜில் வைத்த கேக்கில் வெண்ணெய் இறுகும், எண்ணெய் மெத்தென்றே இருக்கும்.

பதினெட்டுப் பேருக்கு இப்படி இரண்டு கேக் செய்து ஒன்றன்மேல் ஒன்று. இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள்: இரண்டுக்கும் சேர்த்து மாவு கலக்காதீர்கள். உங்கள் ஓடிஜியில் ஒரு டின்தான் போகும். இரண்டாவது டின் வெளியே காத்திருக்கும்போது நுரை எல்லாம் அடங்கிவிடும். முதல் கேக் வெளியே வந்த பிறகு இரண்டாவதுக்குத் தயிரில் சோடா போடுங்கள்.

போகியன்று மதியம் இரண்டையும் சுட்டு, ஆறவைத்து, க்ளிங் ஃபிலிமில் சுற்றி வைத்துவிடுங்கள். பொங்கலன்று அடுப்பு உங்கள் மாமியாருடையது. நீங்கள் மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரைக்கு ஃபேன் போட்டு உட்கார்ந்து க்ரீம் பூசினால் போதும். பழம் நாலரைக்கு, அதற்கு முன்னால் இல்லை.

அப்புறம், இன்றைக்கே ஒரு ஸ்கேல் எடுத்து ஃப்ரிட்ஜ் தட்டின் உயரத்தை அளந்து வையுங்கள்.

---

திருவான்மியூர் தாரா | ஜனவரி 10, இரவு 9.30

அளந்தேன். கேக், அட்டை, நிற்கிற ஸ்ட்ராபெரி எல்லாம் சேர்த்து ஏழு அங்குலம் வேண்டும். என் தட்டு ஆறு. அந்த ஆறிலும் இப்போது அரைப் பூசணிக்காய், மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, மாமியாரின் மாவுத் தூக்கு. பொங்கல் முடிகிறவரை அந்தத் தட்டு எனக்குச் சொந்தமில்லை.

---

பெரம்பூர் ஆன்ட்டி | ஜனவரி 10, இரவு 9.55

ஒரு தட்டைக் கழற்றிவிடு. காயெல்லாம் வெளியே கூடையில் இருக்கட்டும், பூசணிக்கும் கிழங்குக்கும் ஃப்ரிட்ஜ் எதற்கு? மொச்சையை உரித்து மூடி போட்ட டப்பாவில் வை. மூடி முக்கியம். க்ரீம் பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் வெங்காய கேக் சாப்பிட்டோம்.

(நான் கேக்குக்கு எதிரி இல்லை கண்ணு. இடுப்புக்காகத்தான் சொன்னேன்.)

---

திருவான்மியூர் தாரா | ஜனவரி 16, காலை 10.20

எல்லாருக்கும் முதலில் மாட்டுப் பொங்கல் வாழ்த்து. நடந்ததைச் சொல்கிறேன்.

போகியன்று முதல் கேக் அழகாக வந்தது. இரண்டாவதுக்குத் தயிர் நுரைத்து, மைதாவும் கலந்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமியார் பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கக் கூப்பிட்டார். போய்விட்டு வர பத்து நிமிஷம். அந்தக் கேக் நடுவில் தட்டு மாதிரி குழிந்துவிட்டது. மாவுக்கை சொன்ன காரணம் ஞாபகம் வந்தது, அழுகையும் வந்தது. அப்புறம் குழிந்ததை அடியில் வைத்து, பள்ளத்தைப் பொடியாக நறுக்கிய ஸ்ட்ராபெரியால் நிரப்பினேன். க்ரீமில் படக்கூடாது என்றார்களே, அதனால் நறுக்கியதைச் சர்க்கரையோடு வாணலியில் ஜாம் பதத்துக்கு வற்றவிட்டுத்தான் போட்டேன். வெட்டினபோது நடுவில் சிவப்பாக ஒரு குளம். வந்தவர்கள் வேண்டுமென்றே செய்தது என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

பொங்கலன்று காலை பால் பொங்கி, "பொங்கலோ பொங்கல்" முடிந்து, சாப்பிட்டுப் பாத்திரம் ஒதுக்க மூன்று மணி. க்ரீம் கொக்கி பதத்தில் நின்றது, ஆறு நிமிஷம்தான் ஆனது. போன வருஷத்து இருபது நிமிஷத்தை நினைத்து எனக்கே சிரிப்பு. பழங்களை மகளும் நானும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தோம். மூன்று பெட்டியில் ஐம்பத்திரண்டு பழம், அவள் எண்ணினாள். வைத்தது நாற்பத்தைந்துதான், மீதி எங்கே என்று கேட்க வேண்டாம். கடல்பாசி தடவியதும் ஒவ்வொன்றும் ஈரக் கூழாங்கல் மாதிரி மின்னியது. ஆறேகாலுக்கு மாடிக்குக் கொண்டுபோனேன். ஆறே முக்காலுக்குத்தான் வெட்டினோம், மாமா வர லேட். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. க்ரீம் ஓரம் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

மாமியார் "முட்டை இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு ஒரு துண்டு சாப்பிட்டார். இரண்டாவது துண்டுக்குக் கேட்கவில்லை, தானே எடுத்துக்கொண்டார்.

போகிப்பானை, இலந்தைப்பழமும் கொட்டினோம். ஒன்று சட்டைக் காலருக்குள் போய், ராத்திரி படுக்கையில்தான் கிடைத்தது. வேப்பேரி சார், உங்கள் களாக்காய் பொட்டலம் பிரிக்காமலே இருக்கிறது.

---

மாவுக்கை | ஜனவரி 16, காலை 10.45

ஜாம் பதத்துக்கு வற்றவிட்டது யார் சொல்லியும் இல்லை, நீங்களாகச் செய்தது. அதை நான் திருடிக்கொள்கிறேன். கேக் மிச்சம் இருக்கிறதா?

---

திருவான்மியூர் தாரா | ஜனவரி 16, காலை 11.00

ஒரே ஒரு துண்டு. காலையில் எடுத்து வாயில் வைத்தேன். மொச்சை டப்பாவின் மூடி திறந்திருந்திருக்கிறது.